முதலில் காணி யாருடையது?

அன்புள்ள மகளுக்கு,

உன் வொய்ஸ் மெசேஜைக் கேட்டோம். வீதிக்குக் கீழே காடேறிக் கிடக்கும் காணியை நகர சபை வாங்கிப் பிள்ளைகளுக்கு விளையாட்டிடம் அமைக்க வேண்டுமென்று மனு எழுதப்போகிறீர்கள். நல்லது. ஆனால் கையெழுத்துக்கு அலையும் முன் காணி யாருடையது என்று பாருங்கள். நம் பக்கத்து மனுக்கள் சறுக்குவது அங்கேதான்.

தேயிலை நின்ற காணியென்றால் பெரும்பாலும் அரச காணி. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் இலங்கை அரசாங்கத்துக்குப் போயின. 1992க்குப் பிறகு கம்பனிகள் கையில் இருப்பது குத்தகை மட்டுமே. தோட்டத்தை நடத்தும் துரை வாயால் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் அது ஒன்றுக்கும் உதவாது. விற்க அவரிடம் எதுவுமில்லை. அப்படிப்பட்ட காணிக்கு "வாங்கித் தாருங்கள்" என்று எழுதாமல் "விடுவித்துத் தாருங்கள்" என்று எழுதி, பிரதேச செயலாளருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

தனியார் உறுதிக் (பத்திரக்) காணியென்றால் காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பாருங்கள். ஈடு (அடமானம்) இருக்கிறதா, எத்தனை பங்குக்காரர் என்பது அதில் தெரியும். பிரிக்காத பங்கில் ஒருவர் கனடாவில் இருந்துகொண்டு கையெழுத்துப் போட மறுத்தால் முழுக் காணியையும் வாங்க முடியாது.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிப்படி, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டுபோட்டு விற்றால் 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்க வேண்டும். உங்கள் பக்கம் பழைய பங்களாக் காணி ஏதாவது அப்படி விற்கப்பட்டிருந்தால், அங்கீகரித்த வரைபடத்தை 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தத் துண்டு கிடைத்தால் காணிக்குக் காசே தேவையில்லை. (அதில் யாராவது லீக்ஸ் பயிர் போட்டிருப்பார்கள், அது வேறு சண்டை.)

அளவைப் பற்றி. ஒரு பேர்ச் சுமார் 25 சதுர மீற்றர். கரப்பந்துத் திடலுக்குச் சுற்றிலும் மூன்று மீற்றர் விட்டால் 24க்கு 15 மீற்றர், அதாவது 14 பேர்ச்சுக்குக் கொஞ்சம் மேல். 40 பேர்ச் போதும் என்று நினைப்பீர்கள். ஆனால் வரைபடம் சரிவைக் காட்டாது. மேலே மண் வெட்டி, கீழே நிரப்பி, மதில் கட்டினால் சமதரையாக மிஞ்சுவது பாதியாகவும் இருக்கலாம். நிரப்பிய மண் இறுகாமல் இருந்தால் மே மாத மழையோடு இறங்கிவிடும். மதிலில் நீர் வெளியேறத் துளை விடாவிட்டால் பின்னால் தேங்கும் தண்ணீரே அதைத் தள்ளும். அதனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் மண்சரிவு அறிக்கையை விலை பேசுவதற்கு முன்பே கேளுங்கள். காணி வாங்கியபின் "இங்கே கட்டக்கூடாது" என்று வந்தால் அந்தக் காசு முடங்கிப்போகும்.

விலைக்கு வருவோம். சொந்தக்காரர் கேட்கும் தொகையைச் சபை அப்படியே கொடுக்க முடியாது, அரச மதிப்பீடு வேண்டும். இணக்கம் வராவிட்டால் பொதுத் தேவைக்குக் காணியைக் கட்டாயமாக எடுக்க 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் இருக்கிறது: 2ஆம் பிரிவு அறிவித்தல், 4ஆம் பிரிவில் ஆட்சேபனை, 5ஆம் பிரிவில் பிரகடனம், 7ஆம் பிரிவில் உரிமை கோரல். நட்டஈடு அந்த 7ஆம் பிரிவு அறிவித்தல் வெளியான நாளின் சந்தை விலைப்படி. இழுபடும் வழிதான், அதனால் முதல் தெரிவாக வேண்டாம்.

சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, வரவுசெலவுத் திட்டம் வருட இறுதியில் வரும். மனு ஆகஸ்டுக்குள் சபைச் செயலாளர் கையில் இருக்கட்டும், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வட்டார உறுப்பினர் அதைப் பிரேரணையாகக் கொண்டுவந்தால்தான் கூட்ட அறிக்கையில் ஏறும். ஒவ்வொரு கையெழுத்துக்குப் பக்கத்திலும் வீட்டு இலக்கத்தையும் மதிப்பீட்டு வரி இலக்கத்தையும் எழுதுங்கள். வெறும் பெயர்ப் பட்டியலை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

நில அளவை வரைபடம் கிடைத்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. லொட் (காணித் துண்டு) இலக்கமும் நில அளவையாளரின் திகதியும் தெளிவாகத் தெரியட்டும்.

அன்புடன்,
அப்பா, அம்மா