தட்டு செய்ய ஓர் இடம்

மதுரை,
ஜூலை 12

அன்புள்ள கலா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பெண்ணுக்கு ஆவணிக் கடைசியில் முகூர்த்தம் என்று படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இவரிடம் சொன்னேன். இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது தினத்தந்தியைக் கண்ணாடி இல்லாமல் தலைப்பு வரைக்கும் படிக்கிறார். சின்னவன் வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டான். அவன் அறை காலியாகத்தான் இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப் போகிறேன், ஏனென்றால் நீ கேட்டதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

சீர்த்தட்டு எல்லாம் நாமே செய்யலாமா, வெளியே ஆர்டர் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நீயே செய், கலா. உன் கைக்கு அது வரும். ஆனால் ஒரு ரிப்பன்கூட வாங்குவதற்கு முன்னால் வீட்டில் அதற்கென்று ஓர் இடம் பண்ணிவிடு. இடம் இல்லாமல் வேலையைத் தொடங்கி நான் பட்டது உனக்கு வர வேண்டாம்.

பெரியவள் கல்யாணத்துக்கு 21 தட்டு. கூடத்தில் பாயை விரித்து நாலு ராத்திரி உட்கார்ந்தோம். கத்தரிக்கோல் தேடியே பாதி நேரம் போனது. காலையில் ஆட்கள் நடமாடுவார்கள் என்று எல்லாவற்றையும் கட்டி மூட்டையாக்கி வைப்பது, ராத்திரி மறுபடி பிரிப்பது. கடைசி நாள் முதுகை நிமிர்த்த முடியவில்லை. அதுகூடப் போகட்டும். சந்தன நிறப் பட்டு ஒன்றை மயில் மாதிரி மடித்து, குண்டூசி குத்தி, முதல் தட்டாகச் செய்து வைத்திருந்தேன். வைக்க இடம் இல்லாமல் பின்கட்டில் ஜன்னல் ஓரம் ஆறு நாள் இருந்தது. நடுவில் மழை. பிரித்துப் பார்த்தால் முந்தானை ஓரத்தில் மூன்று இடத்தில் மிளகு அளவுக்குத் துருக்கறை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் அந்தப் புடவையை எடுக்கும்போது மனசு வலிக்கும். பட்டில் குண்டூசியே வேண்டாம். மடிப்பை நூலால் லேசாகத் தைத்து நிறுத்தினால் போதும், பிரிக்கும்போது ஒரு வெட்டில் வந்துவிடும்.

அதனால் சின்னவன் கிளம்பியதும் முதல் வேலையாக மேஜை போட்டேன். தரையில் இல்லை, நாற்காலியில் உட்காரும் உயரத்திலும் இல்லை. நின்று வேலை செய்யும் உயரம். கையை மடக்கி நின்றால் முழங்கைக்கு நாலு விரல் கீழே பலகை வர வேண்டும். எனக்கு அது சரியாக மூன்றடி. மாடியில் மாற்றிய பழைய ஃப்ளஷ் கதவு ஒன்று கிடந்தது. இரண்டு பக்கமும் டிரங்குப்பெட்டி, அதன் மேல் கொஞ்சம் செங்கல், மேலே கதவு. ஆறரை அடி நீளத்தில் ஒரு புடவையை மூன்றில் ஒரு பங்கு விரிக்கலாம். மேலே ரெக்ஸின் ஒட்டினேன். கட்டரால் வெட்ட மட்டும் கண்ணாடித் துண்டு ஒன்று, ஓரத்தைத் தேய்த்து வாங்கியது.

மேஜையை ஜன்னலுக்கு எதிரே போடாதே, இடது கைப்பக்கம் ஜன்னல் வருகிற மாதிரி போடு. வெட்டுகிற கையின் நிழல் கோட்டின் மேல் விழாது. நிறம் பார்ப்பதையும் பகலிலேயே முடித்துவிடு. டியூப்லைட்டில் அரக்கும் மெரூனும் ஒன்றாகத் தெரியும். ஃபேனை நிறுத்தவும் முடியாது, போட்டால் தாள் பறக்கும். அம்மா வீட்டு அம்மிக் குழவியைத் துடைத்து வைத்திருக்கிறேன். மிக்ஸி வந்ததிலிருந்து வேலையில்லாமல் இருந்தது, இப்போது தாளின் மேல் அது உட்கார்ந்தால் ஒரு மூலைகூட அசையாது.

பொருள்களை வைப்பதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: கண்ணில் படாதது கைக்கு வராது. முன்பெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவேன். என்ன இருக்கிறதென்றே தெரியாமல் அதையே மறுபடி வாங்குவேன். இப்போது லேஸ், கயிறு, குஞ்சம் எல்லாம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் வெளியே தெரிகிற மாதிரி நிற்கின்றன. ரிப்பன் உருளைகளைத் திரைச்சீலைக் கம்பி ஒன்றில் கோத்துச் சுவரில் மாட்டிவிட்டேன். இழுத்து வெட்ட வேண்டியதுதான். சாட்டின் ரிப்பனை வெட்டியதும் முனையை மெழுகுவத்திக்குக் கிட்டே ஒரு கணம் காட்டு, தொடாதே. ஓரம் லேசாக உருகிப் பிடித்துக்கொள்ளும், பிரியாது. குந்தன் கல், பாசி, சமிக்கி எல்லாம் அத்தையின் மர அஞ்சறைப்பெட்டியில். கேட்கத் தயங்கினேன். அவரே துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சீரகம் இருந்த அறையில் இன்னும் வாசம் இருக்கிறது.

கத்தரிக்கோல் மூன்று: துணிக்கு, தாளுக்கு, டேப்புக்கு. துணிக் கத்தரியில் தாள் வெட்டினால் கூர் போய்விடும். கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியதைத் துணி தவிர வேறெதற்கும் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கிஃப்ட் பேப்பரை மடித்து வைத்தால் கோடு விழும். உருளைகளுக்குப் பிளம்பரிடம் மிச்சம் கிடந்த நாலு இஞ்ச் பிவிசி குழாய்த் துண்டுகளை வாங்கி, ஒன்றாகக் கட்டிப் படுக்க வைத்தேன். தனித் தாள்கள் கட்டில் மெத்தைக்கு அடியில். அதைவிடத் தட்டையான இடம் வீட்டில் இல்லை. நடுவில் ஒரு துண்டு வசம்பு போடு. பசையும் தாளும் இருக்கிற இடத்துக்கு ராமபாணப் பூச்சி தேடி வரும்.

கடையில் கிடைக்கிற தாள் பெரும்பாலும் 50க்கு 70 சென்டிமீட்டர். பெட்டியைச் சுற்றி வந்து இரண்டு விரல் மிஞ்ச வேண்டும். இரண்டு பக்கமும் பெட்டி உயரத்தில் முக்கால் பங்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 30க்கு 20, உயரம் 10 என்று ஒரு பெட்டி இருந்தால் சுற்றளவு 60, நீளவாக்கில் 45. ஒரு தாளில் அழகாக அடங்கிவிடும். கொஞ்சம் பற்றாமல் போனால் பெட்டியைத் தாளின் மேல் மூலைவாட்டில் திருப்பி வைத்துப் பார், பல சமயம் போதும். இன்னொன்று, தாளைக் கையில் கசக்கிப் பார்த்து வாங்கு. கசங்கியபடியே இருந்தால் காகிதம். விட்டதும் தானாக விரிந்துகொண்டால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. அதை நான் இப்போது தொடுவதே இல்லை, எவ்வளவு மினுக்கினாலும் சரி. வெற்றிலை, பூ, பழத் தட்டுகளுக்கும் கண்ணாடித்தாள் சுற்றாதே. உள்ளே வியர்த்து வெற்றிலை கறுத்துவிடும். நெட் துணி போடு.

போன மாதம் சாமான் வாங்கப் போனேன். புது மண்டபத்தில் வளையல் கடைக்கும் தையல்காரர்களுக்கும் நடுவில் நாம் ஜரிகைத் துண்டு பொறுக்குவோமே, அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்துவிட்டன. தூண்களுக்கு நடுவே இருந்த அந்தக் குளிர்ச்சி அங்கே இல்லை. ஆனால் கேட்ட லேஸ் கிடைத்தது. விடுதியில் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிப் பொங்கல் வாழ்த்து செய்தோமே, ஆறு பேருக்கு ஒரே கத்தரிக்கோல். பிள்ளையார் படத்தை வெட்டாமல் தனியாக எடுத்து வைப்பாய் நீ. இப்போதும் பத்திரிகை வந்தால் அட்டையை எடுத்து வைக்கிறேன். பெயர்ச்சீட்டுக்கு அதைவிட நல்ல அட்டை காசு கொடுத்தாலும் கிடைக்காது.

செட்டிநாட்டுக் கொட்டான் 11 எனக்காகச் சொல்லி வைத்திருந்தேன், நவராத்திரிக்கு. பனை ஓலையில் பின்னிய கூடை, மேலே எதுவும் சுற்ற வேண்டியதில்லை. வந்து பார்த்துப் பிடித்தால் நீ எடுத்துக்கொள். நான் மறுபடி சொல்லிக்கொள்கிறேன்.

உன் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் தையல் மெஷின் இருக்கிற இடத்தையே யோசித்துப் பார். மெஷினை நகர்த்தினால் நாலரை அடி மேஜை போடலாம் என்று நினைக்கிறேன். அளந்து எழுது. ஆடி முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி வா. எத்தனை தட்டு, எதில் என்ன என்ற பட்டியலைக் கொண்டு வா, பட்டுப் புடவைகளின் நிறத்துக்கு ஒரு துண்டு நூலும் கொண்டு வா. இரண்டு நாள் தங்கு. முதல் தட்டை இங்கே என் மேஜையில் இரண்டு பேரும் சேர்ந்து செய்வோம்.

மாப்பிள்ளை வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். அண்ணனுக்கு எங்கள் வணக்கம்.

அன்புடன்,
மீரா

பி.கு.: வரும்போது அந்தப் பழைய பத்திரிகைக் கட்டு உன்னிடம் இன்னும் இருந்தால் எடுத்து வா.