கைக்குழந்தைக்கு ஒரு மாதம் என்பது எவ்வளவு? குழந்தைகள் நலக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுக்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கைவிடப்பட்ட குழந்தையும் அடிபட்ட குழந்தையும் எங்கே வளரவேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அந்த முடிவு வரும்வரை குழந்தை காத்திருக்கிற மாதங்களைப் பற்றித்தான் இந்த மடல். வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. காப்பகத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தால் நான் முதலில் கேட்பது, எந்த வயதில் அங்கே போனது, எத்தனை மாதம் இருந்தது என்பதைத்தான்.

மாதக் கணக்கு ஏன் முக்கியம் என்பதை ருமேனியா காட்டியது. 1966இல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் அரசு அங்கே கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க வழியில்லாதவர்கள் பிள்ளைகளை அரசுக் காப்பகங்களில் விட்டார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவற்றில் இருந்தார்கள். பால் கொடுத்தார்கள், துணி மாற்றினார்கள். ஆனால் பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு மேல் ஒரே பணியாளர். உள்ளே போய்ப் பார்த்தவர்களை உலுக்கியது அந்தக் கூடங்களில் இருந்த அமைதி. அழுதாலும் யாரும் வருவதில்லை என்று புரிந்துகொண்ட குழந்தை அழுவதையே விட்டுவிடுகிறது.

சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டின் காப்பகங்களில் இருந்த, ஆறு மாதம் முதல் 31 மாதம் வரையிலான 136 குழந்தைகளை ஆய்வுக்கு எடுத்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பே தொடர்ந்தது. 2007இல் வெளியான முடிவின்படி, நான்கரை வயதில் காப்பகக் குழுவின் சராசரி ஐ.க்யூ. 73. குடும்பங்களுக்குப் போனவர்களுக்கு 81. பிறந்த வீட்டிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு 109. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள்தான் அதிகம் தேறினார்கள். எட்டு வயதில் அவர்களுடைய மூளை மின்னலைகளை வீட்டுப் பிள்ளைகளுடையதிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. குலுக்கல் போட்டுப் பிரித்தது நியாயமா என்ற கேள்வி உண்டு. எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலையில் தெரிந்துகொண்ட ஒன்றை நாம் கண்டுகொள்ளாமல் விடுவது அதைவிடப் பெரிய அநியாயம்.

பிரிட்டனுக்குத் தத்துப் போன ருமேனியப் பிள்ளைகளையும் வளரும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். நல்ல வீடு, நல்ல பள்ளி, எல்லாம் கிடைத்தவர்கள். இளைஞர்களான பிறகு எடுத்த ஸ்கேன் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. அவர்களுடைய மூளையின் அளவு, பிரிட்டனிலேயே தத்துப் போனவர்களுடையதைவிடச் சராசரியாக 8.6 சதவீதம் குறைவு. காப்பகத்தில் கூடுதலாகக் கழித்த ஒவ்வொரு மாதத்துக்கும் சுமார் 3 கன சென்டிமீட்டர் குறைந்திருந்தது. ஒரு கோப்பு அடுத்த அமர்வுக்குத் தள்ளிப்போகும்போதெல்லாம் எனக்கு இந்த எண்தான் நினைவுக்கு வருகிறது.

காரணம் எளிமையானது. குழந்தை 'ங்கா' என்கிறது, அப்பாயி முகத்தை அருகில் கொண்டுவந்து, "என்னடா ராசா, பசிக்குதா?" என்கிறார். நாளெல்லாம் நடக்கும் இந்தப் பேச்சில்தான் மூளையின் இணைப்புகள் உறுதிப்படுகின்றன. பயன்படாத இணைப்புகள் கழிந்துவிடும். அடிவாங்கி வளரும் குழந்தைக்குப் பாதிப்பு வேறு மாதிரி. பயத்தில் ஊறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஓயாமல் சுரந்தால் நினைவுக்கும் கவனத்துக்கும் பொறுப்பான மூளைப் பகுதிகள் பாதிக்கப்படுகின்றன. அடிபட்ட பிள்ளைகள் ஒரு முகத்தில் கோபம் தெரியத் தொடங்கும்போதே, மற்ற பிள்ளைகளுக்கு முன்னால், அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வகுப்பில் கரும்பலகையைப் பார்க்காமல் டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எப்படிக் கணக்கு ஏறும்?

நம் காப்பகங்கள் அன்றைய ருமேனியா அல்ல. குறைந்த சம்பளத்தில் பாசமாகப் பார்க்கும் ஆயாம்மாக்களை நான் அறிவேன். குறை அமைப்பில் இருக்கிறது. ஓர் இடத்தில் நான் பார்த்தது: மடித்த துண்டைத் தலையணையில் சாய்த்து, அதன்மேல் பால் பாட்டிலை வைத்திருந்தார்கள். நான்கு மாதக் குழந்தை மின்விசிறியைப் பார்த்தபடி குடித்துக்கொண்டிருந்தது. அந்த ஆயாம்மாவுக்கு அதே நேரத்தில் இன்னும் ஆறு பாட்டில் பாக்கி. எட்டு மணிக்கு ஷிப்ட் மாறினால் வேறு கை, வேறு குரல். சுவரோரம் இருந்த பதிவேட்டில் பால் அளவு, எடை, காய்ச்சல், மலம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. யார் தூக்கினார்கள், யார் பேசினார்கள் என்று எழுத ஒரு கட்டம் இல்லை.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் காப்பகத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டதானால், உங்கள் முன் கொண்டுவரப்பட்ட இரண்டு மாதத்துக்குள் தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கவேண்டும் என்கிறது. காவல் நிலைய அறிக்கை வரவில்லை, குழுவில் போதிய உறுப்பினர்கள் வரவில்லை என்று அந்தக் கெடு தாண்டிவிடக் கூடாது. கைக்குழந்தைகளின் கோப்புகளை மட்டும் தனியாக அடுக்கி, மேலே குழந்தையின் வயதை மாதத்தில் எழுதி, ஒவ்வோர் அமர்விலும் முதலில் எடுங்கள். வராத அறிக்கைக்காக நினைவூட்டல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அப்புறம், வறுமை ஒன்றுக்காகவே பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள். செங்கல் சூளைக்குப் போகிற பெண் வேறு என்ன செய்வாள்? மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. சேர்க்கை உத்தரவில் கையெழுத்துப் போடும் முன், அவளிடமோ பாட்டியிடமோ சித்தியிடமோ அந்தப் பணத்தோடு பிள்ளையை விட முடியுமா என்று விசாரித்தீர்களா என்பது கோப்பில் இருக்கட்டும்.

மாதம் இரண்டு முறையாவது காப்பகங்களை ஆய்வு செய்வது உங்கள் சட்டப்படியான கடமை. போகும்போது அரிசி இருப்பையும் கழிப்பறையையும் பார்ப்பதோடு, பால் கொடுக்கும் நேரத்தில் தொட்டில் அறையில் கொஞ்சம் உட்காருங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தினமும் அதே முகமாக ஓர் ஆயாம்மா இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அப்படி ஒதுக்கச் சொல்லி எழுத்தில் உத்தரவு கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒன்றரை வயதில் பேச்சு வராத, தனியே உட்காரச் சிரமப்படும் குழந்தையை மருத்துவ அறிக்கையில் 'சிறப்புத் தேவை' என்று குறித்துவிட்டால், தத்தெடுக்க வருபவர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தாமதத்துக்குப் பல நேரம் காப்பகத்தில் கழிந்த மாதங்களே காரணமாக இருக்கும். குறிக்கும் முன், ஒரே ஆளின் கவனிப்பில் வைத்து, பயிற்சியும் கொடுத்து, சில வாரம் கழித்து மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். அந்த வாரங்களில் தத்துக்கான மற்ற வேலைகள் நிற்கவேண்டியதில்லை.

அன்புடன்,
குழந்தை வளர்ச்சிப் பயிற்சியாளர் ஒருவர்