கடிக்கப் பழக்குபவர்கள் விடவும் பழக்க வேண்டும்: காவல் நாய்ப் பயிற்சியாளர்களுக்கும் கென்னல் கிளப் நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கும் கென்னல் கிளப் (நாய் வளர்ப்போர் சங்கம்) நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

உங்களிடம் காவல் பயிற்சிக்கு வரும் நாய்களுக்கு எதிரே, கையில் ஸ்லீவ் எனும் தடித்த கடியுறையை மாட்டிக்கொண்டு, தாக்க வருபவனைப் போல நடித்துக் கடி வாங்கும் டிகாய் வேலையைச் செய்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். உரிமையாளரின் ஒரே கட்டளைக்குக் கடியை விடாத நாயை, "டிரெயினிங் முடிந்துவிட்டது" என்று சொல்லி யாரும் ஒப்படைக்கக் கூடாது.

ஜெர்மன் ஷெப்பர்டோ, ராட்வெய்லரோ, பெல்ஜியன் மாலினுவாவோ, எந்த நாயாக இருந்தாலும் வாங்க வருபவருக்கு நாம் காட்டுவது ஒரே காட்சிதான். நாய் பாய்ந்து வந்து கடிக்கும், டிகாய் சுழற்றுவார், நாய் ஸ்லீவில் தொங்கும், வந்தவர் மலைத்துப் போவார். அதன் பிறகு பயிற்சியாளர் காலரைப் பிடித்துத் தூக்கி நாயைப் பிரித்தெடுப்பார். இல்லையென்றால் நான் ஸ்லீவைக் கழற்றி விட்டுவிட, நாய் அதைக் கவ்விக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வரும். பார்ப்பவருக்கு நாய் கட்டுப்பாட்டில் இருப்பதாகத்தான் தோன்றும். உண்மையில் அந்த நாய் எதையும் விடவில்லை, கடித்ததையே பரிசாகப் பெற்றுக்கொண்டு போகிறது. ஸ்லீவைக் கழற்றிக் கொடுப்பது இளம் நாய்க்குத் தன்னம்பிக்கை ஊட்ட நல்ல வழி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வாசலில் நாயின் வாயில் சிக்குவது, கூரியர் கொண்டுவந்த பையனின் கையாக இருக்கும்போது, அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நகர முடியாது என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடித்துக்கொண்டிருக்கும் நாயை இழுத்தால் அது இன்னும் இறுக்கும் என்பது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததே. பிடியை அழுத்தமாக்க நாமே ஸ்லீவை எதிர்ப்பக்கம் இழுத்துத்தானே பழக்குகிறோம்? அப்படியிருக்க, அதே நாய் ஒரு மனிதரைக் கடிக்கும்போது பின்னால் இருந்து சங்கிலியை இழுத்தால் விட்டுவிடும் என்று எதிர்பார்ப்பதில் எந்த நியாயமும் இல்லை. சத்தம் போட்டால் உரிமையாளர் தன்னை உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொள்ளும் நாய்கள் உண்டு. அடித்தால் எதிரே இருப்பவன்தான் அடிக்கிறான் என்று கருதி முழு வாயையும் கொடுத்துக் கடிக்கும் நாய்களும் உண்டு. ஸ்லீவின் சணல் உறைக்குள் கை வைத்திருப்பவனுக்கு இது நன்றாகத் தெரியும். கையாளுபவர் கத்திக்கொண்டே நெருங்கும்போது, நாய் கண்ணை மட்டும் பக்கவாட்டில் உருட்டி அவரைப் பார்க்கும், பிடியோ கடைவாய்ப் பல் வரை இறங்கும். கையாளுபவர் தன் பொருளைப் பறிக்க வருகிறார் என்று நம்பும் நாய் அப்படித்தான் செய்யும். அந்த நம்பிக்கையை அதற்குள் விதைத்தவர்கள் நாம்தான்.

இதற்கு முள் காலரும் மின் அதிர்ச்சிக் காலரும்தான் மருந்து என்று உங்களில் சிலர் கருதுவதை அறிவேன். அவற்றால் சில நாய்கள் விடுகின்றன என்பதும் உண்மை. ஆனால் கடியில் இருக்கும்போது கழுத்தில் வலி விழுந்தால், அந்த வலியை நாய் யாருடைய கணக்கில் எழுதும் என்பது நம் கையில் இல்லை. கட்டளையின் கணக்கில் எழுதினால் விடும், டிகாயின் கணக்கில் எழுதினால் இன்னும் கடுமையாகக் கடிக்கும், கையாளுபவரின் கணக்கில் எழுதினால் திரும்பி அவரையே கடிக்கும். காவல் நாய்ப் பயிற்சி விளையாட்டுக்கே தாயகமான ஜெர்மனியில், மின் அதிர்ச்சிக் காலரை விளையாட்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது என்று 2006-இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து முள் காலர் போன்ற வலி தரும் சாதனங்களைப் பயிற்சியில் பயன்படுத்தவும் அங்கே தடை நடைமுறைக்கு வந்தது. போலீஸ் நாய்ப் பிரிவுகளே தங்கள் முறையை மறுபரிசீலனை செய்ய வேண்டியதாயிற்று. நம் நாட்டில் அப்படியொரு தடை வரும்வரை காத்திருக்கலாம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வலி இல்லாமல் விடப் பழக்கும் முறை புதிதல்ல, கொஞ்சம் பொறுமைதான் வேண்டும். டிகாய் வருவதற்கு வெகு முன்பே, கையாளுபவர் தானே ஒரு டக் துணியை (நாய் கவ்வி இழுத்து விளையாடும் தடித்த துணி) வைத்துத் தொடங்கலாம். நாய் கவ்வியதும் துணியைத் தொடையோடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மறு கையால் காலரைப் பிடித்து, நாய் பின்னுக்கு இழுக்க இடமில்லாமல் செய்ய வேண்டும். உதறக் கூடாது, பேசக் கூடாது, முறைக்கவும் கூடாது. இழுத்து விளையாட ஆள் இல்லாத துணியில் நாய்க்குச் சுவாரசியம் குறையும், தாடை முதலில் அரை மனதாகத் தளரும், பிறகு வாய் திறக்கும். திறந்த அந்த நொடியிலேயே "எஸ்" என்று சொல்லி, அதே துணியை உயிரோட்டத்துடன் மறுபடி கடிக்கக் கொடுக்க வேண்டும். இப்படிப் பல நாட்கள் செய்து, நாய் விடப்போகிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே கட்டளையை அதற்கு முன்னால் சேர்க்க வேண்டும். விடுவதுதான் அடுத்த கடிக்கு வழி என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், நாய் தன் விருப்பத்தோடு விடும். பதியாத நாயிடம் நாளுக்கு நாள் வலியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

இங்கே எங்களைப் போன்ற டிகாய்கள் செய்யும் ஒரு சின்ன உபகாரத்தையும் சொல்லியாக வேண்டும். பயிற்சியாளர் கட்டளை கொடுக்க வாயைத் திறப்பதற்குள் நாங்கள் கையை உடம்போடு ஒட்டி, சிலையாக நின்றுவிடுவோம். நாய் உடனே விடும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் நாய் கேட்டது கட்டளையை அல்ல, எங்கள் உடம்பு அசைவை நிறுத்தியதையே அது அடையாளமாக எடுத்துக்கொண்டது. நாய்க்கடி பட்ட மனிதர் எவரும் சிலையாக நிற்கமாட்டார். அலறுவார், உதறுவார், கீழே விழுவார், காலால் உதைப்பார். ஆகவே ஆரம்பத்தில் டிகாய் அசையாமல் நின்று உதவினாலும், பயிற்சியின் பின்பாதியில் டிகாய் கத்திக்கொண்டும் துள்ளிக்கொண்டும் இருக்கும்போதே கட்டளைக்கு நாய் விடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்லீவில் மட்டுமல்லாமல் உடல் முழுவதையும் மூடும் பாதுகாப்பு உடையான சூட்டிலும், சட்டைக்குள் மறைத்த ஸ்லீவிலும், மைதானத்தில் மட்டுமல்லாமல் இருட்டிய பிறகு வீட்டு கேட் அருகிலும் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஓட்டை, நாய் யாருடைய குரலுக்கு விடுகிறது என்பதில் இருக்கிறது. மூன்று மாதம் நம்மிடம் தங்கி நம் குரலுக்கு விடப் பழகிய நாய், வீட்டுக்குப் போன பிறகு அதை அன்றாடம் கையாளுவது உரிமையாளரின் மனைவியாகவோ வயதான அப்பாவாகவோ இரவு வாட்ச்மேனாகவோ இருக்கும். நாம் ஒப்படைக்கும் நாளில் அரை மணி நேரம் செய்து காட்டிவிட்டு, "அவுட்" அல்லது ஜெர்மன் கட்டளையான "அவுஸ்" என்று சொல்லச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். பதற்றத்தில் அந்த வீட்டில் எல்லோரும் கத்தப்போவது "விடு, விடுடா" என்றுதான். அந்தக் குடும்பத்துக்கு வாயில் வரும் சொல்லையே கட்டளையாக வைத்துக்கொள்வதற்கும், நாயைக் கையாளப்போகும் ஒவ்வொருவரையும் குறைந்தது சில வாரங்கள் மைதானத்துக்கு வரவழைத்து அவர்கள் குரலிலேயே பழக்குவதற்கும் என்ன தடை? வாடிக்கையாளர் நேரம் ஒதுக்க மறுத்தால், அவருக்குக் கடிக்கப் பழகிய நாய் தேவையில்லை. நன்றாகக் குரைத்து எச்சரிக்கும் நாயே போதும் என்று சொல்லி அனுப்பும் துணிவு நமக்கு வேண்டும்.

வெளிநாட்டு விதிகள் இந்த விஷயத்தில் எவ்வளவு கறாராக இருக்கின்றன என்பதைக் கென்னல் கிளப் நிர்வாகிகள் நன்கு அறிவீர்கள். முன்பு ஷுட்ஸ்ஹுண்ட் என்றும் பின்னர் ஐபிஓ என்றும் அழைக்கப்பட்டு, 2019 முதல் ஐஜிபி என்ற பெயரில் நடக்கும் நாய்ப் பயிற்சி விளையாட்டுத் தேர்வின் காவல் பிரிவுக்கு 100 மதிப்பெண். நாய் எவ்வளவு அழகாகக் கடித்தாலும், முதல் கட்டளைக்கும் நடுவர் அனுமதிக்கும் கூடுதலான இரண்டு கட்டளைகளுக்கும் விடாவிட்டால் தகுதி நீக்கம்தான். போலீஸ் நாய்களைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் ஓக்லண்ட் நகருக்கு எதிரான வழக்கில் 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கடியை அளவுக்கு மீறி நீடிக்க விடுவதே மிகையான பலப்பிரயோகமாகக் கருதப்படலாம் என்று கூறியது. நாய் கடித்தது சரியா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு நேரம் கடித்துக்கொண்டிருந்தது என்பது தனிக் கேள்வி.

நம் ஊரில் பேச்சு முழுவதும் இனத்தைப் பற்றியே நடக்கிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 நாய் இனங்களைத் தடை செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. அதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வெய்லர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகு அந்தப் பேச்சு இன்னும் சூடு பிடித்தது. அவை கடிப்பயிற்சி பெற்ற நாய்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பயிற்சி பெறாத நாய் கடித்தால் உரிமையாளரின் அலட்சியம் என்பார்கள், நாம் பணம் வாங்கிக்கொண்டு கடிக்கப் பழக்கிய நாய் கடித்த பிடியை விடாமல் இருந்தால் நம்மை என்ன சொல்வார்கள் என்றுதான் கேட்கிறேன். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் ஆபத்து நேராமல் தடுக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ என்கிறது. அந்தப் பிரிவு நாயை வசம் வைத்திருப்பவரைத்தான் பிடிக்கும். அரைகுறையாகப் பயிற்சி கொடுத்தவர் பெயர் அதில் வராது.

ஆகவே, கென்னல் கிளப்புகள் தங்கள் கண்காட்சிகளோடு சேர்த்து, விடும் கட்டளைக்கென்றே ஒரு சிறு தேர்வை நடத்த வேண்டுகிறேன். நாயைக் கையாள வேண்டியவர் பயிற்சியாளர் அல்ல, உரிமையாளர். டிகாய் அந்த நாய்க்கு அறிமுகமில்லாதவராகவும், நிற்காமல் அசைந்துகொண்டிருப்பவராகவும் இருக்க வேண்டும். கட்டளை ஒருமுறைதான். பயிற்சியாளர்கள் இதே சோதனையை ஒப்படைக்கும் நாளில் செய்து காட்டி, யார் யார் குரலுக்கு நாய் விட்டது என்று பெயர் எழுதிக் கையெழுத்திட்ட தாளை ரசீதோடு கொடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே நாயை வரவழைத்து இலவசமாக மறுபடி பார்க்க வேண்டும். இத்தகைய சோதனைக்கு எதிரே நிற்க ஆள் வேண்டுமென்றால் ஸ்லீவையும் சூட்டையும் எடுத்துக்கொண்டு நான் வருகிறேன், அதற்குக் கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மைதானங்களில் நிற்கும் ஒரு டிகாய்