கல் சாலைகளுக்குக் கிளம்பும் கதிருக்கு

அன்புள்ள தம்பி கதிருக்கு,

அடுத்த ஏப்ரலில் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் (பெல்ஜியம்), பாரிஸ்–ரூபே (பிரான்ஸ்) என்ற இரண்டு கற்சாலை சைக்கிள் பந்தயங்களையும் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். முடிந்தால் அந்தச் சாலைகளில் ஓட்டிவிட்டும் வருவேன் என்றாய். உன்னைப் போலவே கிளம்ப நினைக்கிறவர்கள் இன்னும் சிலர் இருப்பதால் பதிலைப் பொதுவில் வைக்கிறேன்.

‘முடிந்தால்’ என்பதை எடுத்துவிடு. பந்தயத்துக்கு முந்தின நாள் கட்டாயம் ஓட்டு. ஆனால் இருப்பதிலேயே குறைந்த தூரத்தை ஓட்டு. தொலைக்காட்சியில் அந்தக் கற்கள் தட்டையாகத்தான் தெரியும். சனிக்கிழமை அந்த அதிர்வு உன் கைகளில் ஏறியிருந்தால்தான், ஞாயிற்றுக்கிழமை ஒரு வீரர் ஏன் சாலையோர மண்ணுக்கு இறங்குகிறார், இன்னொருவர் ஏன் எழுந்து நிற்காமல் உட்கார்ந்தே ஏறுகிறார் என்பது பிடிபடும். 200 கி.மீ. பிரெவே (நேர வரம்புள்ள நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) முடித்தவனுக்குத் தூரம் பயமில்லை என்று தெரியும். அங்கே முதலில் சோர்வது கால் இல்லை, உள்ளங்கையும் முன்கையும்தான். மறுநாள் வயல்வெளியில் ஆறேழு மணி நேரம் நிற்கவும் நடக்கவும் வேண்டும், அதற்கும் தெம்பு மிச்சம் இருக்கட்டும்.

ஃபிளாண்டர்ஸ் பந்தயம் ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டிய ஞாயிறு, ரூபே அதற்கு அடுத்த ஞாயிறு. முதல் பந்தயத்துக்கு முந்தைய வியாழக்கிழமை போய்ச் சேர்ந்து, இரண்டாவது முடிந்த திங்கள் கிளம்பினால் இரண்டும் அடங்கும். தங்க பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் நகரைச் சொல்வேன். கென்ட் அழகான ஊர்தான், ஆனால் ரூபேக்குத் தள்ளி இருக்கிறது. கோர்ட்ரைக்கிலிருந்து ஃபிளாண்டர்ஸ் பந்தயம் முடிகிற அவுதனார்டே ஊருக்கு நேர் ரயில், அரை மணிக்குள் போய்விடலாம். எதிர்த்திசையில் எல்லை தாண்டி ரூபே வழியாகப் பிரான்ஸின் லீல் நகருக்கும் ரயில் ஓடுகிறது. பதினோரு இரவும் ஒரே அறையில் இருக்கலாம், சைக்கிளைப் பெட்டியில் போட்டு எடுக்கிற வேலை ஒரே முறைதான்.

இரண்டு பந்தயங்களுக்கும் முந்தின சனிக்கிழமை பொதுமக்களுக்கான ஓட்டம் உண்டு. ‘வீ ரைடு ஃபிளாண்டர்ஸ்’ குறைந்தபட்சம் 75 கி.மீ. அளவில் தொடங்கி 200 கி.மீ.க்கு மேல் வரை போகிறது. பல ஆயிரம் பேர் ஓட்டினாலும் இடங்களுக்கு உச்ச வரம்பு உண்டு. பதிவு மாதங்களுக்கு முன்பே திறந்துவிடும், காத்திருக்காதே. குறைந்த தூரத்திலேயே கோப்பன்பெர்க், அவுதே க்வாரமோன்ட், பாட்டர்பெர்க் என்ற பேர்பெற்ற கல் ஏற்றங்கள் மூன்றும் வந்துவிடும். ‘பாரிஸ்–ரூபே சேலஞ்ச்’ 70, 145, 170 கி.மீ. என மூன்று தூரங்களில் நடக்கிறது, மூன்றும் ரூபே வெலோட்ரோமில் (சைக்கிள் பந்தய மைதானம்) முடியும். ரூபேயின் பேர்பெற்ற கற்பகுதிகளில் 70இல் கார்ஃபூர் த லார்ப்ர் வரும், அரன்பெர்க் காடு வராது. முதல் வாரம் கை தாங்கியதென்றால் மட்டும் 145ஐப் பற்றி யோசி.

இனி சைக்கிள். எல்லாவற்றுக்கும் முன்னால் டயர். 25 மி.மீ. டயரில் போகாதே. ஃபிளாண்டர்ஸுக்கு 28 போதும், ரூபேக்கு 32 வேண்டும். 32 நுழையுமென்றால் இரண்டுக்கும் அதையே போடு. உன் 70 கிலோ எடைக்கு 32 மி.மீ. ட்யூப்லெஸில் முன்னால் 50, பின்னால் 55 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கு. ரூபேயில் இன்னும் மூன்று நான்கு குறைக்கலாம். ரிம் கல்லில் ‘டக்’கென்று இடிக்கும் சத்தம் அடிக்கடி கேட்டால் காற்று போதவில்லை என்று அர்த்தம். ட்யூப் போட்டு ஓட்டினால் எட்டு பத்து பிஎஸ்ஐ கூட்டிக்கொள். கல்லின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கி இரண்டு இணையான கீறல் விழுவதுதான் அங்கே வழக்கமான பஞ்சர். ட்யூப்லெஸ் என்றால் சீலன்ட்டை (துளையை அடைக்கும் திரவம்) கிளம்பும் வாரம் புதிதாக ஊற்று. சென்னை வெயிலில் பழையது காய்ந்து போயிருக்கும்.

அடுத்து, கழன்று விழக்கூடியவை. கற்சாலையின் முதல் கிலோமீட்டரில் இரண்டு பக்கமும் சிதறிக் கிடக்கும் பாட்டில்களைப் பார்ப்பாய். பாட்டிலைப் பிடிக்கும் கேஜ் உலோகம் என்றால் சற்று உள்பக்கம் வளைத்து இறுக்கு. பிளாஸ்டிக் என்றால் உட்புறம் பழைய பார் டேப்பை ஒட்டு. சீட்டுக்குக் கீழே தொங்கும் பை வேண்டாம், உதிரி ட்யூபும் கருவிகளும் ஜெர்சி பையில் இருக்கட்டும். ஸ்டெம், ஹேண்டில்பார், சீட் சாய்வு போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார். ஹேண்டில்பார் மெல்லச் சுழன்று கீழே இறங்குவது அங்கே சகஜம். சீட்போஸ்ட் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள், இறங்கினால் உடனே தெரியும். பார் டேப்பை, குறைந்தது மேல் பகுதியிலாவது, இரட்டையாகச் சுற்று. மோதிரத்தைக் கழற்றி அறையிலேயே வை, விரல் வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கியரில் முன்னால் 34 பல், பின்னால் 32 அல்லது 34 பல் வேண்டும். சென்னைச் சமதளத்துக்குப் போட்ட 28 பல் கேசட்டோடு கோப்பன்பெர்க்கில் ஏறப் பார்க்காதே.

ஷூவிலும் ஒரு மாற்றம் செய். கோப்பன்பெர்க் 600 மீட்டர், சராசரி 11.6 சதவீதம், உச்சத்தில் 22. உன் முன்னால் ஒருவர் நின்றால் பின்னால் வருகிற எல்லாரும் நின்றாக வேண்டும், சாலை அவ்வளவு குறுகல். அதனால் நடக்க நேரிடும் என்றே வைத்துக்கொள். ரோடு கிளீட்டோடு (ஷூவைப் பெடலில் பூட்டும், அடியில் துருத்திய கட்டை) ஈரக் கல்லில் நடப்பது ஆபத்து. கிளீட் அடிப்பாகத்துக்குள் பதிந்திருக்கும் மவுண்டன் பைக் ஷூவும் அதற்கான பெடலும் கொண்டுபோ. 2024 பந்தயத்தில் மழையில் தொழில்முறை வீரர்கள் பலரே அந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். நெதர்லாந்து வீரர் மத்தேயு ஃபன் டெர் பூல் அங்கேதான் தனியாகப் பிரிந்து போய் வென்றார்.

ஏற்றத்தில் நுட்பம் இதுதான்: உட்கார்ந்தே ஏறு. எழுந்து நின்றால் பின் சக்கரத்தின் மேல் இருக்கும் எடை குறைந்து, ஈரக் கல்லில் அது வெறுமனே சுழலும். கியரை ஏற்றத்துக்கு முன்பே மாற்றிவிடு, நடுவில் மாற்றினால் செயின் கழலும். பாட்டர்பெர்க் 360 மீட்டர்தான், ஆனால் 20 சதவீதத்தைத் தொடும், அவசரப்பட்டால் கடைசி நூறு மீட்டரில் மூச்சு நின்றுவிடும். க்வாரமோன்ட் வேறு மாதிரி: 2.2 கி.மீ., சராசரி 4 சதவீதம். கிராமத்தைத் தாண்டியதும் ஏற்றம் முடிந்ததாகத் தோன்றும். அதற்கு மேலும் கல் நீண்டுகொண்டே போகும்.

ரூபேயின் சமதளக் கற்சாலைக்கு வேறு கணக்கு. வேகத்தோடு நுழை, வழக்கத்தைவிட ஒரு பல் கனமான கியரில் மெதுவாக மிதி, கையை ஹேண்டில்பாரின் மேல் பகுதியில் தளர்வாக வை. இறுக்கிப் பிடித்தால் கொப்புளம் நிச்சயம். சைக்கிள் உன் கைக்குள் ஆடட்டும். சாலையின் நடு முதுகுதான் பெரும்பாலும் நல்ல வழி, வண்டிகளின் சக்கரம் அழுத்திய இரு பக்கமும் பள்ளமாக இருக்கும். ஓர மண் மெத்தென்று தெரிந்தாலும் உடைந்த கல் துண்டும் முள்ளும் அங்கேதான் சேரும். நடுவிலிருந்து ஓரத்துக்கு மாறும்போது சட்டென்று திருப்பாதே, கற்களின் இடைவெளியில் முன் சக்கரம் மாட்டும். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் எண் பலகை இருக்கும், எண் குறைந்துகொண்டே வரும். பலகை தெரிந்ததும் தண்ணீர் குடித்துவிடு, உள்ளே போனபின் கையை எடுக்க முடியாது. ஈசிஆரில் எதிர்க்காற்றில் ஓட்டிப் பழகியது கற்களுக்கு இடையே வரும் தார்ச்சாலையில் உனக்குப் பெரிய துணை. வயல்வெளி என்பதால் காற்றைத் தடுக்க ஒன்றும் இருக்காது.

காலையில் குளிர் நான்கைந்து டிகிரி வரை இறங்கலாம், மழையும் எதிர்பார். கை உறை, காலுறை மேல் கவர், காற்றுப் புகாத கையில்லா ஜாக்கெட் மூன்றும் அவசியம். ஏதாவது மறந்தால் லீல் அருகே வில்நெவ் தாஸ்க்கில்தான் டெக்காத்லான் தலைமையகமே இருக்கிறது, அங்கே வாங்கிக்கொள்.

ஞாயிறு எங்கே நிற்பது? ஃபிளாண்டர்ஸில் தயங்காமல் க்வாரமோன்ட். ஆண்கள் அதை மூன்று முறை ஏறுகிறார்கள். முதல் ஏற்றத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே சுமார் 80 கி.மீ., அதாவது இரண்டு மணி நேரம். அந்த இடைவெளியில் சாப்பிட்டு, பாட்டர்பெர்க் வரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 40 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, அப்போது இடத்தை விட்டு நகராதே. 2023இலும் 2025இலும் ஸ்லோவேனிய வீரர் ததேய் போகச்சார் மற்றவர்களை உதறிவிட்டுப் போனது அந்தக் கடைசி ஏற்றத்தில்தான். கூட்டம் கிராமத்திலும் கூடாரங்களைச் சுற்றியும் நெருக்கும். அதற்குக் கீழே செங்குத்தான கல் பகுதியில் நின்றால் முகங்களை அருகில் பார்க்கலாம். பிறகு பெரிய திரைக்கு நட, முடிவுக்கு இன்னும் 17 கி.மீ. இருக்கும். பெண்கள் பந்தயமும் அதே நாளில் நடக்கிறது, ஆண்கள் முடித்ததும் கிளம்பிவிடாதே.

ஓர மண்ணில் கால் வைக்காதே, போனைச் சாலைக்குள் நீட்டாதே. வீரர்கள் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் அந்த விளிம்பில்தான் வருவார்கள். சிவப்புக் கொடி கார் வந்தால் பந்தயம் வருகிறது, பச்சைக் கொடி கார் போனபிறகுதான் சாலையைக் கடக்கலாம். நினைவுக்கு ஃபிளாண்டர்ஸின் சிங்கக் கொடி வாங்கினால் சிங்கத்தின் நாக்கும் நகமும் சிவப்பாக இருக்கிறதா என்று பார். முழுக்கக் கறுப்புச் சிங்கம் ஃபிளெமிய தேசியவாதிகள் ஏந்துகிற கொடி. இன்னொன்று, அங்கே உருளைக்கிழங்கு வறுவலைப் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். வீட்டில் அம்மா கேட்பார், நீயே கடையில் கேட்டுக்கொள்.

நடு வாரத்தில் ஒரு நாள் ரயிலேறி ஹேரார்ட்ஸ்பெர்கன் போ. 2011 வரை ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தைத் தீர்மானித்த மூர் ஏற்றம் அங்கேதான், உச்சியில் சிறு தேவாலயம். ஊரில் திரிந்த பாலும் பாதாமும் சேர்த்துச் செய்யும் மட்டன்டார்ட் கிடைக்கும். பெயரைக் கேட்டுப் பயப்படாதே, இறைச்சி இல்லை, முட்டை உண்டு.

ரூபேயில் வீரர்கள் ஒரு பகுதியை ஒரே முறைதான் கடப்பார்கள், அதனால் தேர்வு கடினம். அரன்பெர்க்கில் நிற்க வேண்டாம் என்பது என் கருத்து. முடிவுக்கு ஏறத்தாழ 95 கி.மீ. முன்னால் அது, போட்டி அங்கே முடிவாவதில்லை, கூட்டமோ மிக அதிகம். வியாழன் அல்லது வெள்ளி அங்கே போ. அணிகள் பயிற்சிக்கு வரும் நாட்கள் அவை. 2.3 கி.மீ. நேர்கோடு, மர நிழலில் பாசி படிந்த கல், கீழே சுரங்கம் தோண்டியதால் தாழ்ந்துபோன தரை. அதைப் பந்தயத்துக்குச் சொன்னவர் ஜான் ஸ்தாப்லின்ஸ்கி, அதே நிலத்துக்கடியில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். 1968இல் அது பாதையில் சேர்ந்தது. ஞாயிறன்று கார்ஃபூர் த லார்ப்ரில் நில். முடிவுக்கு 17 கி.மீ., 2.1 கி.மீ. நீளக் கல், லீல் நகரிலிருந்து சைக்கிளிலேயே வந்துவிடலாம்.

விசாவுக்கு: இரண்டு நாடும் ஷெங்கன், ஒரே விசா போதும். அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், கோர்ட்ரைக் என்றால் பெல்ஜியம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய். சக்கரத்தை மாட்டியபடியே, டயருக்கும் ஃபோர்க்குக்கும், டயருக்கும் செயின்ஸ்டேக்கும் (பின் சக்கரத்தின் இரு பக்கமும் ஓடும் சட்டக் குழாய்) நடுவே எத்தனை மி.மீ. இடைவெளி என்று இரண்டு பக்கமும் அளந்து எழுது. 32 போட்ட பிறகும் நான்கு மி.மீ. மிச்சம் இருந்தால் சேற்றுக்குப் போதும். இல்லையென்றால் உன் சைக்கிளைக் கொண்டுபோவதை விட்டுவிட்டு அங்கேயே வாடகைக்கு எடுப்பதைப் பார்ப்போம். அப்போது சீட்டும் பெடலும் மட்டும் உன்னோடு வந்தால் போதும்.

அன்புடன்,
அண்ணன்