கலப்பை தானாக ஏறி இறங்குகிறதா?

அன்புள்ள அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம்.

புழுதி உழவு நெருங்கினால் எங்கள் பட்டறைக்கு ஒரு புகார் தவறாமல் வரும்: “உழும்போது கலப்பை தானாக மேலே ஏறுகிறது, ஹைட்ராலிக் பம்ப்பைக் கழற்றிப் பாருங்கள்.” பெரும்பாலும் பம்ப்பில் ஒரு குறையும் இருக்காது. டிராக்டர் தன் வேலையைத்தான் பார்க்கிறது.

ஒன்பது கொத்துக் கலப்பையை டிராக்டரின் பின்னாலுள்ள கீழ்க்கைகள் இரண்டும் முன்னால் இழுக்க, மண் கொழுமுனையைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. அதனால் கலப்பையின் தலை முன்பக்கம் சாய்ந்து, அதை மேலே டிராக்டரோடு இணைக்கும் தண்டான டாப் லிங்கைத் தள்ளும். டாப் லிங்கின் மறுமுனையில், சீட்டுக்குப் பின்னால், தடித்த ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. மண் இறுகினால் அது அமுங்கி வால்வைத் திறக்கும். எண்ணெய் சிலிண்டருக்குள் பாய்ந்து கலப்பையைச் சற்றே தூக்கும். இழுவை குறைந்ததும் ஸ்பிரிங் நிமிரும், கலப்பை மீண்டும் இறங்கும். தூக்கும்போது கலப்பையின் பாரம் பின்சக்கரத்தில் ஏறுவதால் டயர் வழுக்காமல் பிடிக்கும். அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் வகுத்த ஏற்பாடு இது. 1939-இல் ஃபோர்டு டிராக்டரில் இடம்பிடித்துப் பரவியது. பெரிய டிராக்டர்கள் பலவற்றில் கீழ்க்கைகளே இந்த இழுவையை உணர்ந்து சொல்கின்றன.

பொசிஷன் லிவர் கலப்பையின் உயரத்தை மட்டுமே பார்க்கும். இழுவையைப் பார்ப்பது டிராஃப்ட் லிவர். மானூர்க் கரிசலில் பொசிஷனை மட்டும் நம்பி உழுதால் இறுகிய இடத்தில் எஞ்சின் முக்கும், டீசலும் டயரும் கரையும். டிராஃப்டிலும் ஒரு சங்கடம் உண்டு: மண் இளகிய இடத்தில் கலப்பை ஆழமாக இறங்கிவிடும். ஆழம் ஒரே சீராக வேண்டுமென்றால் கலப்பைக்கு ஆழச் சக்கரம் பூட்டுங்கள். சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டருக்குப் பொசிஷன்தான்.

கலப்பை மெல்ல ஏறி இறங்காமல் குதித்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். எஞ்சினை நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, டாப் லிங்கைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்கோடு சேர்ந்த, டாப் லிங்க் மாட்டும் கவையைக் கையால் இழுத்தும் தள்ளியும் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அங்கே இடைவெளி விழுந்திருக்கிறது. அந்த இடைவெளி அடையும்வரை வால்வுக்குத் தகவல் போகாது. போகும்போது ஒரேயடியாகப் போகும். ஸ்பிரிங்கை அசையவிடாமல் வெல்டிங் வைக்கச் சொல்லும் யோசனைக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள்.

பட்டறைக்கு வரும்போது டாப் லிங்கையும் அதை மாட்டும் பின்களையும் கொண்டுவாருங்கள். பின்னுக்குப் பதிலாகக் கட்டடக் கம்பியைச் செருகியிருந்தால் அதையும்தான்.

இப்படிக்கு,
உங்கள் டிராக்டர் பட்டறை