பெரியவர்களிடமும் உதவி கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் வரும் முதியோர் நலப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி, கண்புரை எல்லாம் வருகிறது, நல்லதுதான், ஆனால் அந்த வயதில் ஒருவருக்குப் பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள், அவரைத் தேடி யார் வருகிறார்கள் என்பது பற்றி அநேகமாக எதுவுமே வருவதில்லை. மனதில் ரொம்ப நாளாக இருந்ததால் எழுதுகிறேன்.

இதெல்லாம் சும்மா ஆறுதல் பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2010-இல் ஜூலியான் ஹோல்ட்-லுன்ஸ்டாட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள் அந்த ஆய்வுக் காலங்களில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுவதாகவும், ஆண்டுக்குச் சுமார் 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகவும் சொல்கிறது. நோய் வந்தால் வெளியே போவது குறையும், போகாவிட்டால் பழக்கம் விட்டுப்போகும், அதனால் எது முதலில் வந்தது என்று பிரிப்பது கஷ்டம்தான், இருந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று கீழே இழுக்கின்றன என்பது வயதானவர்களோடு இருக்கும் யாருக்கும் தெரியும்.

சரி, ஆதரவு என்றால் நாம் என்ன செய்கிறோம்? பணம் கொடுக்கிறோம், மாத்திரை வாங்கி வைக்கிறோம், மருத்துவரிடம் கூட்டிப்போகிறோம். இவை கண்டிப்பாக வேண்டும், குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு முடிந்தது என்று நினைக்கிறோமே, அங்கேதான் எனக்கு வருத்தம்.

என் பெரியப்பா வீட்டு வரவு செலவை ஒரு நோட்டில் எழுதிவந்தவர். கண் சரியாகத் தெரியவில்லை என்று மகன் அந்த நோட்டை வாங்கிக்கொண்டார். அன்பாகத்தான் செய்தார். அப்புறம் அலமாரிச் சாவி போனது, தபால் அலுவலக வேலை போனது, கடைசியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் போனது, எல்லாவற்றுக்கும் "நீங்க உக்காருங்கப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்ற ஒரே பதில். கொஞ்ச காலத்தில் அவர் மின்விசிறியைப் போடுவதற்குக்கூட யாரையாவது பார்த்துவிட்டுப் போட ஆரம்பித்தார். பிறகு பேத்திக்குக் கணக்கு சொல்லித்தரும் பொறுப்பு வேறு வழியில்லாமல் அவரிடம் வந்தது. இப்போது அடுத்த நாள் பாடத்தை முதல் நாளே எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்கிறார், அவள் வருவதற்கு முன்பே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தயாராக இருக்கிறார். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ஆள் வேறு ஆளாகிவிட்டார்.

இதற்கும் ஆய்வு இருக்கிறது. வயதான 423 தம்பதியரை 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியான ஆய்வில், பிறருக்கு உதவி செய்யாதவர்களைவிட, செய்துவந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது, அவர்களுடைய உடல்நிலையையும் கணக்கில் எடுத்த பிறகும். எனவே, பெரியவர்களிடம் உதவி கேளுங்கள் என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். யோசனை கேளுங்கள், அவர்களால் முடிந்த வேலையை அவர்களிடமே விடுங்கள், மெதுவாகச் செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று, வீடு நிறைய ஆள் இருந்தாலே போதும் என்பதும் தவறு. காது மந்தமான ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர் சிரிப்பார், இரண்டு முறை "என்ன, என்ன" என்று கேட்பார், யாராவது "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பார்கள், அந்த அப்புறம் வருவதே இல்லை. கொஞ்ச நாளில் அவர் அறையிலேயே இருந்துவிடுவார், நாமும் வயசாகிவிட்டது, ஓய்வு எடுக்கிறார் என்போம். மறதிநோய்க்கான, தவிர்க்கக்கூடிய காரணிகள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட 14-இல் காது கேளாமையும் இருக்கிறது, சமூகத்திலிருந்து ஒதுங்கிப்போவதும் இருக்கிறது. காதுக்கருவி வாங்கித் தருவதும் முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுவதும் கூட ஆதரவுதான்.

நண்பர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஒத்த வயதுக்காரரிடம் பேசுவது தனி. துணையை இழந்தவர் வீட்டுக்கு முதல் சில வாரங்கள் எல்லோரும் வருகிறார்கள், அதன் பிறகுதான் உண்மையான தனிமை தொடங்குகிறது, அப்போது யாரும் வருவதில்லை. பழைய நண்பரின் எண்ணைத் தேடிப் பிடித்து, போன் போட்டுக் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துவிடலாம், அது பெரிய ஒத்தாசை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். லபன் அளவுகோல் என்று ஆறே கேள்விகள் கொண்ட எளிய படிவம் ஒன்று உண்டு. மாதம் ஒரு முறையாவது பார்க்கும் அல்லது பேசும் உறவினர் எத்தனை பேர், மனம்விட்டுப் பேசக்கூடியவர் எத்தனை பேர், கூப்பிட்டால் உதவிக்கு வருவார் என்று நம்புபவர் எத்தனை பேர், இதே மூன்றும் நண்பர்களைப் பற்றி. மொத்தம் 30 மதிப்பெண், 12-க்குக் கீழே போனால் அவர் தனித்துப்போகும் ஆபத்தில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அட்டவணை போடுகிறீர்களே, அதன் பக்கத்திலேயே இந்தக் கேள்விகளையும் ஒரு நாள் போடுங்கள். மருத்துவர்களும் கேட்கட்டும், வீட்டில் இருப்பவர்களும் கேட்கட்டும். முடிந்தால் அந்தப் பக்கத்தில் வாரம் ஒரு பத்தியைப் பெரியவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நீண்டகால வாசகர்