குடை பிடிக்காத காகம்

அன்புள்ள கோபு,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ திட்ட ஆரம்பிப்பதற்குள் நானே முந்திக்கொள்கிறேன். முழங்கால் பரவாயில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மருமகன் வேலை மாறிவிட்டான். மீசைக்கு இரண்டாவது கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது எல்லார் மூஞ்சியும் தெளிவாகத் தெரிவதுதான் கஷ்டமாக இருக்கிறதாம். விசேஷம் அவ்வளவுதான். இனி உன்மேல் உள்ள வழக்குக்கு வருகிறேன்.

வீடு மாறும்போது உன் பழைய கம்ப்யூட்டரை என் தலையில் கட்டினாயே, "கிராபிக்ஸ் கார்டு போட்டதுடா, எதையும் ஓட்டும்" என்று! அந்த 'எதையும்' என்ற ஒரு சொல்லை நம்பி எனக்கு நாலு ராத்திரித் தூக்கம் போயிற்று.

ஆரம்பித்து வைத்தது பேத்தி. நம் கையெழுத்துப் பத்திரிகையில் வந்த குடைக்காகம் கதைகளை அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், "அந்தக் காக்கா எப்படி இருக்கும்? காட்டு" என்றாள். எதைக் காட்டுவது? பதினோரு இதழையும் சோடாபுட்டி இரவல் வாங்கிக்கொண்டு போனதோடு சரி. நானே வரைந்தேன். "இது கோழி" என்றாள்.

அப்போதுதான் மருமகன் ஸ்டேபிள் டிஃப்யூஷன் பற்றிச் சொன்னான். வேண்டியதை எழுதிக் கொடுத்தால் படம் போட்டுத் தரும் மென்பொருள். 2022 ஆகஸ்டில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளட்டும் என்று வெளியே விட்டுவிட்டார்களாம். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும், படத்துக்கு இவ்வளவு என்று யாருக்கும் அழ வேண்டியதில்லை என்றான். சொல்லிவிட்டு அவன் ஊருக்குப் போய்விட்டான். மாட்டிக்கொண்டது நான்.

முதலில் பைத்தான் என்ற நிரல்மொழியைப் போட வேண்டும். புதிது எதுவோ அதுதானே நல்லது என்று கடைசியாக வந்த பதிப்பைப் போட்டேன். படம் போடும் மென்பொருள் அதோடு ஒத்துப்போகாதாம், 3.10.6 பதிப்புதான் வேண்டுமாம். கழற்றிவிட்டு அதைப் போட்டேன். போடும்போது முதல் திரையின் அடியில், பாத்தில் சேர்க்கட்டுமா என்று ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் டிக் அடிக்காமல் விட்டால் கம்ப்யூட்டருக்குப் பைத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நான் விட்டேன். கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னல் 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்கிற மாதிரி கைவிரித்தது. மறுபடியும் கழற்றி, மறுபடியும் போட்டு, டிக் அடித்து... உன்னை அப்போது என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று எழுதினால் தபால்காரர் படித்துவிடுவார்.

அப்புறம் டவுன்லோடு. இதற்கான கணக்குகளைப் போடும் டார்ச் என்ற தொகுப்பு ஜிபி கணக்கில் இறங்கியது. படம் போடக் கற்றுக்கொண்ட மூளை என்னவோ 4 ஜிபி ஃபைல் ஒன்றுதான். அதிலும் 'சேஃப்டென்சர்ஸ்' என்று முடிகிற ஃபைலாகப் பார்த்து எடுக்க வேண்டும். பழைய 'சிகேபிடி' வகைக்குள் யாராவது கெட்ட புரோகிராமை ஒளித்து வைத்திருந்தால் திறந்தவுடன் அதுவும் ஓடிவிடும். நீ இப்படிப்பட்ட விஷயத்தில் அவசரக்காரன் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

மூன்றாம் ராத்திரி ஒருவழியாகப் பிரவுசரில் பக்கம் திறந்தது. 127.0.0.1:7860 என்று விலாசம். இது வெளியில் எங்கேயோ போய் வருகிறதோ என்று சந்தேகப்பட்டு நெட் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன். அப்படியே ஓடியது! அந்த விலாசம் நம் கம்ப்யூட்டரே தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்வது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, குடை பிடித்த காகம் என்று இங்கிலீஷில் அடித்தேன். ஃபேன் இரைந்தது. இருபது ஸ்டெப்பும் முடிந்து படம் வந்தது. முழுக் கறுப்பு. "ராத்திரி இல்லையா, காக்கா தெரியவில்லை" என்று சமாளித்தேன். அடுத்து வெள்ளைக் கொக்கு கேட்டாள். அதுவும் ராத்திரிதான்.

காரணம் உன் கார்டு. மெமரியை மிச்சம் பிடிக்கக் கணக்குகளை 32 பிட்டில் போடாமல் பாதியாக, 16 பிட்டில் போடுகிறது. சில வகைக் கார்டுகளில் அந்தப் பாதிக் கணக்கு உளறி, எண்ணே இல்லாத எதையோ விடையாகக் கொடுக்கிறது. அதைப் படமாக்கினால் கறுப்பு. சரி, முழுக் கணக்காகவே போடு என்று தொடக்கக் கட்டளையில் 'நோ-ஹாஃப்' சேர்த்தேன். உடனே மெமரி போதவில்லை என்று படுத்துவிட்டது. இருப்பதே 4 ஜிபி! கடைசியில் 'மெட்வ்ராம்' என்றொரு சொல்லையும் சேர்த்த பிறகுதான், வேலையைப் பகுதி பகுதியாகக் கார்டுக்கு அனுப்பி, படத்துக்கு ஒன்றரை நிமிடம் என்று ஓடத் தொடங்கியது.

ஆனால் கோபு, அந்த ஒன்றரை நிமிடத்தை நீ பார்க்க வேண்டும். சிக்னல் போன டிவியில் புள்ளி புள்ளியாக இரையுமே, அதுதான் ஆரம்பம். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் கொஞ்சம் இரைச்சலைக் கழித்துக்கொண்டே வருகிறது. நாலாவது ஸ்டெப்பில் எங்கேயோ ஒரு கறுப்புத் திட்டு. எட்டில் அலகு. பன்னிரண்டில் கண்ணில் ஒரு பளபளப்பு. வரைகிற மாதிரியே இல்லை. பனி விலகுகிற மாதிரி இருக்கிறது. எந்தப் புள்ளிக் கூட்டத்திலிருந்து தொடங்குவது என்பதற்கு ஓர் எண் கொடுக்கலாம், சீட் என்கிறார்கள். மற்றதையெல்லாம் மாற்றாமல் அதே எண்ணைக் கொடுத்தால் அதே படம் திரும்ப வரும். உன் ரோல் நம்பர் 37ஐக் கொடுத்தேன். காகம் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. உன் குணம் அதற்கும் தெரிந்திருக்கிறது.

காகம் நன்றாகத்தான் போடுகிறது. குடையும் நன்றாகத்தான் போடுகிறது. காகம் குடை பிடிக்க வேண்டும் என்றால்தான் வம்பு. குடையின்மேல் காகம் உட்காரும். குடைக்கு இறகு முளைக்கும். ஒரு படத்தில் காகத்துக்குப் பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு மனிதக் கை வந்து குடையைப் பிடித்திருந்தது, ஆறு விரலோடு. தமிழில் எழுதினாலாவது புரியுமா என்று பார்த்தேன். நம் எழுத்துகளைத் துண்டு துண்டாக உடைத்துப் போட்டுக்கொண்டு, சம்பந்தமே இல்லாமல் ஏதோ ஒரு முகத்தை வரைந்தது. இதுவரை 212 படம். எண்ணி வைத்திருக்கிறேன்.

நாலாம் ராத்திரி இது எங்கே வரையக் கற்றுக்கொண்டது என்று படித்துக்கொண்டிருந்தேன். லயான்-5பி என்று ஒரு தொகுப்பு: நெட்டில் கிடந்த படங்களின் விலாசமும் பக்கத்தில் இருந்த வாசகமுமாக 585 கோடி ஜோடி. அதிலிருந்து பிரித்தெடுத்த பகுதிகளை வைத்துத்தான் இதைப் பழக்கியிருக்கிறார்கள். வரைந்தவர்களை யாரும் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் ஓவியர்கள் மூன்று பேர் கலிபோர்னியாவில் வழக்கே போட்டார்கள். நீயும் கொஞ்ச காலம் உன் கோட்டோவியங்களை நெட்டில் போட்டுக்கொண்டிருந்தாய். அதில் ஒன்றிரண்டு இந்த 4 ஜிபிக்குள் கரைந்து கிடக்குமோ என்று தோன்றியதும் மேற்கொண்டு ஓட்ட மனம் வரவில்லை. உன்னிடமே திருடி உன் காகத்தைப் போடப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. அது போகட்டும். நீ வரைவதை எப்போது நிறுத்தினாய், ஏன் நிறுத்தினாய் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

மென்பொருளை அழிக்கவில்லை. அழிக்கிற அளவுக்கு நான் நல்லவன் இல்லை. பேத்திக்கு அந்தப் புள்ளிகள் விலகுவதைப் பார்க்கப் பிடித்திருக்கிறது. ஆனால் குடை இன்னும் வரவில்லை. 212இல் ஒன்றே ஒன்றைப் பிரிண்ட் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மழையில் காகம், வலது இறக்கையைக் கொஞ்சம் தூக்கிய மாதிரி. இறக்கைக்கு மேலே காலி இடம் விட்டிருக்கிறது பார். பென்சிலோ பேனாவோ, கையில் கிடைப்பதை வைத்து அந்தக் குடையைப் போட்டு அனுப்பு. கம்பி ஒன்று உடைந்திருக்க வேண்டும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணியை விசாரித்ததாகச் சொல். என் ஸ்க்ரூ டிரைவர் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.

உன்,
ரங்கு